அரபி படித்தால் என் மகள் என்ன ஆவாள்?

அன்புள்ள அம்மா,

மஸ்கட்டிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். நீங்கள் பி.காம். என்கிறீர்கள், அவள் அரபி இலக்கியம்தான் என்று நிற்கிறாள். "அதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?" என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. நியாயமான பயம்தான். பதிலுக்கு, இதைப் படித்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று முதலில் சொல்கிறேன்.

எகிப்தின் ஜாபிர் அஸ்ஃபூர் 1944-ல் மஹல்லா அல்-குப்ரா என்ற நெசவாலை ஊரில் பிறந்தவர். கெய்ரோ பல்கலைக்கழகத்தில் அரபி இலக்கியம் படித்து, அங்கேயே பேராசிரியரானார். குவைத் பல்கலைக்கழகத்திலும் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். அதற்கு நடுவிலேயே இலக்கியக் கோட்பாட்டு நூல்களை ஆங்கிலத்திலிருந்து அரபிக்குக் கொண்டுவந்தார். 1993-ல் அரசின் உச்ச பண்பாட்டு மன்றத்துக்குப் பொதுச் செயலாளர் ஆனார். அங்கிருந்து அவர் நடத்திய தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் சுமார் பத்தாண்டில் ஆயிரம் நூல்களைத் தொட்டது. அதுவே பிறகு தேசிய மொழிபெயர்ப்பு மையமாக வளர்ந்தது. தானே உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் என்பதால்தான் எந்த நூல் வர வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது என்று நான் நினைக்கிறேன். பண்பாட்டு அமைச்சராகவும் இரண்டு முறை இருந்தார். முதல் முறை 2011 போராட்டத்தின்போது. சில நாட்களிலேயே விலகிவிட்டார்.

அவருக்கு முந்தைய தலைமுறையில் எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைன். சின்ன வயதிலேயே பார்வை போனவர். 1930-ல் பல்கலைக்கழகத்தின் கலைப்புல முதல்வர் ஆனார், 1932-ல் அரசு அவரை அந்தப் பதவியிலிருந்து எடுத்துவிட்டது, 1950-ல் கல்வி அமைச்சராக வந்தார். சோஃபோக்ளீஸின் கிரேக்க நாடகங்களை அரபிக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். பதவி போன காலத்திலும் அவர் எழுத்து நிற்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஆய்வு, மொழிபெயர்ப்பு, பண்பாட்டு நிர்வாகம் மூன்றும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வருபவை. மாதச் சம்பளம் பெரும்பாலும் வகுப்பறையிலிருந்து வரும். மொழிபெயர்ப்பு பேர் வாங்கித் தரும். தனியாக அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். நிர்வாகப் பதவி, இந்த இரண்டிலும் நின்றவர்களைத் தேடி வரும், வராமலும் போகும்.

நீங்கள் இருக்கும் ஓமானிலேயே பாருங்கள். ஜோகா அல்ஹார்த்தியின் நாவல் 2019-ல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. 50,000 பவுண்டு, எழுதியவருக்கும் மொழிபெயர்த்த மேரிலின் பூத்துக்கும் சரிபாதி. ஜோகா, சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்தில் அரபி இலக்கியம் கற்பிப்பவர். மேரிலின் பூத் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர். இருவருக்கும் அடியில் ஒரு ஆசிரியர் வேலை இருந்தது.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். பக்கத்து வீட்டு ஓமானியரோடு அவள் சரளமாகப் பேசுகிறாள் என்கிறீர்கள். நல்ல காது இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பேச்சு அரபி வேறு, நூலிலும் செய்தியிலும் வரும் ஃபுஸ்ஹா வேறு. நம் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். முதல் இரண்டு வருடம் இலக்கணத்திலேயே போகும். அகராதி பார்க்கக்கூட வேர் தெரிய வேண்டும்: கிதாப் (நூல்), காதிப் (எழுதுபவர்), மக்தபா (நூலகம்) மூன்றும் க-த-ப என்ற ஒரே வேரின் கீழ்தான் கிடைக்கும். இந்த உழைப்பு அவளுக்குப் பிடிக்கிறதா என்பதுதான் உண்மையான நுழைவுத் தேர்வு.

டெல்லி ஜே.என்.யூ.வில் அரபி பி.ஏ. ஆனர்ஸ் உண்டு, கியூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தையும் (இஃப்லு) பாருங்கள். முதுகலைக்குப் பிறகு கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் அரபி ஒரு பாடம். உதவிப் பேராசிரியர் பணியின் தொடக்க அடிப்படை ஊதியம், யுஜிசி அளவுப்படி, 57,700 ரூபாய். இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன்.

ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) கனவு இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். யூ.பி.எஸ்.சி. விருப்பப் பாடப் பட்டியலிலிருந்து அரபியை 2013-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே வேறு பாடம் எடுத்துத்தான் எழுத வேண்டும். பணியில் சேர்ந்த பிறகுதான் மொழி ஒதுக்குவார்கள். மௌலானா ஆசாத் 1950-ல் தொடங்கிய ஐ.சி.சி.ஆர். (இந்தியப் பண்பாட்டு உறவுகளுக்கான மன்றம்) 'ஸகாஃபத்துல் ஹிந்த்' என்ற அரபி இதழை வெளியிட்டு வந்தது. கெய்ரோவில் ஆசாத் பெயரிலேயே இந்தியப் பண்பாட்டு மையமும் இருக்கிறது. நம் நாட்டில் அரபி தெரிந்த பண்பாட்டு அதிகாரி என்றால் இந்தத் திசையில்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், அவளுடைய தமிழ். இதைத்தான் வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பவருக்கு இரு மொழியிலும் சமமான தேர்ச்சி வேண்டும் என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பஸ்ராவின் அல்-ஜாஹிஸ் எழுதிவிட்டார். மஸ்கட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தமிழ் வாசிப்பு தடுமாறினால், அதை இப்போதே சரிசெய்யுங்கள். அரபிப் புனைகதைகள் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் சுற்றித்தான் வந்து சேர்கின்றன. நேராகக் கொண்டுவரும் ஆள் மிகக் குறைவு. அந்த இடம் அவளுக்குக் காத்திருக்கிறது என்று மனதார நம்புகிறேன்.

பி.காம். விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், தவறில்லை. இந்த விடுமுறையில் ஒரு அரபிச் சிறுகதையின் முதல் பக்கத்தை அவளையே தமிழாக்கச் சொல்லுங்கள், யார் உதவியும் இல்லாமல். அடித்தல் திருத்தலோடு அப்படியே எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.