ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, பாலிசியை நிறுத்தலாமா?

கேள்வி: கோவையில் இருக்கும் என் அப்பாவுக்கு 68 வயது. போன வருடம் வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து வரும் முக்கிய ரத்தக் குழாய்) வீக்கத்துக்குத் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (குழாய்க்குள் பொருத்தும் செயற்கைக் குழாய்) வைத்தார்கள். 5 லட்ச ரூபாய் மெடிக்ளெய்ம் முழுவதும் தீர்ந்து, கைக்காசும் போட்டோம். இப்போது நலமாக இருக்கிறார். மீதமுள்ள 15 லட்சத்தை அப்படியே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிட்டு, ஏறிக்கொண்டே போகும் பிரீமியத்தை நிறுத்திவிடலாம் என்கிறார். சரியா?

பதில்: தயவுசெய்து பாலிசியை விடவேண்டாம். இந்தச் சிகிச்சை ஒரே செலவோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட முடியாது. வயிற்றைத் திறக்காமல் செய்வதால் ஆரம்ப ஆபத்து குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். அதனால் அப்பா எடுத்த முடிவில் தவறில்லை. ஆனால் கிராஃப்ட்டின் ஓரத்திலோ, பக்கக் கிளைக் குழாய்கள் வழியாகவோ பழைய வீக்கத்துக்குள் மறுபடி ரத்தம் கசியலாம், கிராஃப்ட் இடம் நகரலாம், காலுக்குப் போகும் கிளை அடைக்கலாம். நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், 6 ஆண்டுகளுக்குள் மறு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 100க்குச் சுமார் 30 பேர், திறந்த அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 18 பேர். அப்பாவுக்கு வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஆனால் 30 சதவீத வாய்ப்புள்ள செலவுக்குக் காசு ஒதுக்காமல் இருக்கக் கூடாது.

இப்போது பாலிசியை விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுக்கப் போனால், நிறுவனம் மறுக்கலாம். கொடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க வைக்கலாம். போன வருடம் கிளெய்ம் வாங்கினார் என்ற காரணத்துக்காகப் பழைய பாலிசியைப் புதுப்பிக்க மறுக்க முடியாது. அந்த உரிமை விலைமதிப்பில்லாதது. காப்பீட்டுத் தொகையை உயர்த்தவும் கேட்டுப் பாருங்கள். உயர்த்திய தொகைக்கு மட்டும் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும் என்பதால், அதை இன்றே தொடங்குவது நல்லது. அறை வாடகை வரம்பையும் பாருங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால், அறை வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் போன்ற அதோடு சேர்ந்த செலவுகளிலும் விகிதப்படி பிடிக்கலாம்.

அப்புறம் ஸ்கேன். டாக்டர் சொன்ன தேதியில், வருடா வருடம், ஆயுள் முழுக்க. வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை, கைக்காசுதான். இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கசிவுக்கு வலி இருக்காது. வீக்கம் வெடித்த பிறகு தெரிந்தால், பணம் இருந்தும் உயிரைக் காப்பாற்றுவது கடினம்.

15 லட்சத்தையும் 5 ஆண்டுத் திட்டத்தில் பூட்டவேண்டாம். அதில் 9 லட்சத்தை மட்டும் 3 லட்சம் வீதம் மூன்று தனிக் கணக்குகளாகப் போடச் சொல்லுங்கள். பாதியில் தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் முடிக்கலாம். முதல் வருடத்துக்குள் முடித்தால் வட்டி கிடைக்காது, இரண்டு வருடம் கடந்திருந்தால் அசலில் 1 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள். காலாண்டு வட்டியிலிருந்து பிரீமியத்தைக் கட்டிவிடலாம். 5 லட்சத்தை ஒவ்வொரு லட்சமாக வங்கி எஃப்.டி.யிலும், 1 லட்சத்தை ஸ்கேன் செலவுக்குச் சேமிப்புக் கணக்கிலும் வையுங்கள். வங்கிக் கணக்கை அம்மாவும் தனியாகக் கையெழுத்துப் போட்டு எடுக்கும்படி மாற்றிவிடுங்கள், அப்பா ஐ.சி.யு.வில் இருக்கும்போது பணம் முடங்கக் கூடாது.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், கிராஃப்ட்டின் கம்பெனியும் அளவும் குறித்த அட்டை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். வேறு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்குப் பணம் கட்டும் முறை) அனுமதி வாங்கவும், டாக்டருக்கும் அதுதான் முதலில் வேண்டியிருக்கும்.