ஸ்பெயினில் மாஸ்டர்ஸ்: டெல்லி மயூர் விஹார் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. உங்கள் நிலைமை புரிகிறது. மகள் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.காம். மூன்றாம் ஆண்டு. மாட்ரிடில் மாஸ்டர்ஸ் படித்தே தீருவேன் என்று பிடிவாதம். ஏஜென்ட் ஒருவர் ஒன்பது மாதத்தில் பட்டம் கையில் என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். ஊரில் மாமியார் ‘பொண்ணை எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்பணும்’ என்கிறார். மாமியாரை அப்புறம் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். முன்பணத்தை மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள்.

ஏன் என்றால், ஸ்பெயினில் மாஸ்டர்ஸ் என்ற பெயரில் இரண்டு விதமான படிப்புகள் நடக்கின்றன. ஒன்று அரசு அங்கீகாரம் பெற்ற பட்டம். சான்றிதழில் ‘மாஸ்டர் உனிவெர்சிதாரியோ’ என்று இருக்கும். மற்றது பல்கலைக்கழகமோ பிசினஸ் ஸ்கூலோ தன் பெயரிலேயே கொடுப்பது, ‘தீதுலோ ப்ரோப்பியோ’ என்பார்கள். 2021-ல் வந்த அரசாணைக்குப் பிறகு இந்த வகை மாஸ்டர்ஸுக்கு ‘மாஸ்டர் தே ஃபொர்மாசியோன் பெர்மனென்தே’ என்று பெயர். விளம்பரத் தாளில் இரண்டுமே ஆங்கிலத்தில் வெறும் ‘மாஸ்டர்ஸ்’தான். முதல் வகையை வைத்து ஸ்பெயினில் பி.எச்.டி.க்குப் போகலாம், இந்தியா திரும்பினாலும் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கேட்க வழி இருக்கிறது. இரண்டாவது வகையில் அந்தக் கதவுகள் பெரும்பாலும் திறக்காது. அதற்காக இரண்டாவது எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பெயர்பெற்ற சில பிசினஸ் ஸ்கூல்களிலும் இந்த வகைப் படிப்பு உண்டு, தனியார் கம்பெனிகள் அதை மதிக்கவும் செய்கின்றன. ஆனால் எதற்குக் காசு கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். ஸ்பெயின் அரசு ‘ருக்ட்’ என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களும் பட்டங்களும் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மகளையே உட்கார்ந்து தேடச் சொல்லுங்கள். பட்டத்தின் முழு ஸ்பானிஷ் பெயரை எழுதித் தர மறுக்கிற ஏஜென்ட்டுடன் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

அடுத்தது மொழி. ஆங்கிலத்திலேயே நடக்கும் மாஸ்டர்ஸ் உண்டு, ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களில் அப்படிப்பட்ட படிப்புகள் குறைவு. ஸ்பானிஷில் படிக்க பொதுவாக பி2 நிலை வேண்டும், அதாவது தடுமாறாமல் பேசிப் புரிந்துகொள்ளும் அளவு. பார்சிலோனா என்றால் கூடுதலாக ஒன்று விசாரியுங்கள்: அங்கே சில வகுப்புகள் அந்தப் பகுதியின் காத்தலான் மொழியில் நடக்கும். படிக்கிற காலத்தில் வாரம் 30 மணி நேரம் வரை வேலை பார்க்கச் சட்டம் இடம் தருகிறது, ஏஜென்ட்டும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். ஸ்பானிஷ் பேசத் தெரியாதவருக்கு அங்கே யார் வேலை கொடுப்பார்கள் என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.

என் யோசனை இது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இப்போது நான்காம் ஆண்டும் படிக்கலாம். மகள் அதை முடிக்கட்டும். ஸ்பெயினில் இளங்கலை பொதுவாக நான்கு வருடம், 240 கிரெடிட். மூன்று வருடப் பட்டத்தைப் பார்த்துத் தயங்கும் இடங்களிலும் பிறகு பேச்சு வராது. அந்த ஒரு வருடம் ஸ்பானிஷுக்கும் கிடைக்கும். டெல்லியில் இருப்பது இதற்கு ஒரு வரம் என்றே சொல்வேன். ஸ்பெயின் அரசின் இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ் கன்னாட் பிளேஸ் பக்கம் ஹனுமான் ரோட்டில் இருக்கிறது. அங்கே வகுப்பும் உண்டு, டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வும் எழுதலாம். டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. சீயெலே என்ற இன்னொரு தேர்வின் சான்றிதழ் ஐந்து வருடம்தான் செல்லும். ஸ்பெயினே வேண்டாம் என்று நாளைக்கு மனசு மாறினாலும் படித்த மொழி வீண்போகாது, 20 நாடுகளில் அது அரசு மொழி.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விசாவுக்குக் கையிருப்பு காட்ட வேண்டிய அளவு இப்போது மாதம் 600 யூரோ. கல்விக் கட்டணம் தனி. ஆனால் 600 என்பது விசா அதிகாரிக்கான கணக்கு. மாட்ரிடில் ஒரு அறை வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சலமாங்கா, கிரனாடா போன்ற சின்ன ஊர்களில் மூச்சு விடலாம். சலமாங்கா பல்கலைக்கழகம் 1218-ல் தொடங்கியது, ஊரே மாணவர்களை நம்பித்தான் இருக்கிறது. அறை பிடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கட்டாயம்: இந்த முகவரியில் வசிப்பதாக நகராட்சியில் பதிவு செய்ய வீட்டுக்காரர் விடுவாரா? ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அப்போது இந்தப் பதிவைக் கேட்பார்கள். அந்த அட்டைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் இறங்கிய மறுநாளே தேடத் தொடங்கட்டும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கிடைக்கும். சைவம் என்றால் ஓட்டலில் பருப்பு சூப்பைக்கூட கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும், அதில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

கடைசியாக, நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். அவர்களுடைய படிவத்தில் ‘முதல் குடும்பப் பெயர்’ கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே முடியாது. சான்றிதழில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒரே ஆள்தானா என்று கேள்வி வந்தால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் பாஸ்போர்ட்டையும் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். சான்றிதழ் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்குக் காட்டும் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை, அதன் பிறகு ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பு, இரண்டும் அதற்கு அடுத்த வேலை. முத்திரை விழுந்த பிறகு பெயரைத் திருத்தினால் செலவு, அலைச்சல் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.