பாலேயும் அளவுக்கு மீறி வளையும் மூட்டுகளும்: கேள்வி பதில்

பாலே என்ற மேற்கத்திய நடனம் பயில்பவர்களின் காயங்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வரும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: என் 12 வயது மகளின் விரல், முழங்கை, முழங்கால் எல்லாம் பின்னோக்கி வளைகின்றன. ஆசிரியை இதை வரம் என்கிறார். குடும்ப மருத்துவரோ எச்சரிக்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூட்டு நெகிழ்வை அளக்கப் பெய்ட்டன் மதிப்பெண் என்ற முறையைப் பயன்படுத்துகிறோம். சுண்டுவிரல் 90 பாகைக்கு மேல் பின்னால் மடங்குகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் 10 பாகைக்கு மேல் பின்னோக்கிப் போகின்றனவா என்று இரு பக்கமும் பார்த்தால் 8 மதிப்பெண். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதிக்க முடிந்தால் இன்னும் ஒன்று. ஆக மொத்தம் 9. 2017-இல் வந்த வரையறையின்படி, பருவமடையாத பிள்ளைகளுக்குக் குறைந்தது 6-உம், பருவமடைந்தவர்களுக்கு 50 வயது வரை குறைந்தது 5-உம் இருந்தால் பொதுவான மிகை நெகிழ்வு என்று கொள்கிறோம். ஆனால் பாலே மாணவியிடம் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. குனிந்து தரையைத் தொடும் அந்த ஒரு மதிப்பெண் பயிற்சியாலேயே கிடைத்துவிடும். அதைவிடப் பெரிய குறை, பாலேயில் அதிகம் பாடுபடும் இடுப்பு மூட்டையும் கணுக்காலையும் இந்தச் சோதனை தொடுவதே இல்லை.

கேள்வி: மூட்டு நன்றாக வளைந்தால் காயம் குறையத்தானே வேண்டும்?

எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார், அதாவது பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறோமே அது, மூட்டு எல்லை தாண்டாமல் பிடித்து நிறுத்துகிறது. அது பிறவியிலேயே தளர்வாக இருந்தால், நிறுத்தும் வேலை முழுவதும் தசையின் தலையில் விழுகிறது. வகுப்பின் தொடக்கத்தில் தசை அதைச் செய்துவிடும். களைத்த பிறகு செய்யாது. தாவலும் திருப்பமும் வகுப்பின் பிற்பகுதியில்தானே வருகின்றன! இதோடு, கண்ணால் பார்க்காமலேயே மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று அறியும் உணர்வும் இவர்களில் பலருக்கு மந்தமாக இருப்பதால், கால் தவறுவதை உடல் தாமதமாகவே உணர்கிறது. மிகை நெகிழ்வு உள்ள எல்லோருக்கும் காயம் வரும் என்று ஆய்வுகள் ஒருமுகமாகச் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வலுவில்லாத நெகிழ்வுதான் என் கவலை.

கேள்வி: நான் ஆசிரியர். குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் முதல் நிலையில் ஒரு மாணவிக்குக் குதிகால்கள் சேரவே மாட்டேன் என்கின்றன. முழங்காலைப் பின்னால் தள்ளச் சொல்லலாமா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் நிற்பதைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: கணைக்கால் வில்லைப்போல் பின்னால் வளைந்திருக்கும், உடல் எடை குதிகாலில் இறங்கியிருக்கும், தொடையின் முன்தசையைத் தொட்டால் தொளதொளவென்றிருக்கும். அவர் தசையால் நிற்கவில்லை, ஜவ்வில் தொங்குகிறார். முழங்கால்கள் முதலில் முட்டிக்கொள்வதால்தான் குதிகால்களுக்கு இடையே இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு, குதிகால், கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி மூன்றிலும் எடை சமமாக விழும்படி நிற்கச் சொல்லுங்கள். முதல் சில வாரங்கள், 'முழங்கால் மடங்கியிருப்பதுபோல் இருக்கிறது' என்றுதான் மாணவி சொல்வார். கண்ணாடியில் பார்த்தால் கால் நேராகவே இருக்கும்.

கால்களை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திருப்பும் டர்ன்அவுட்டுக்கும் இதுவே பொருந்தும். பாதங்கள் 180 பாகைக்குத் திரும்ப வேண்டுமானால் ஒவ்வொரு காலும் 90 பாகை திரும்ப வேண்டும். இடுப்பு மட்டும் அவ்வளவு தருவது அரிது. தளர்ந்த மூட்டுள்ள மாணவி மீதியை முழங்காலையும் பாதத்தையும் முறுக்கி ஈடுகட்டிவிடுவார், பார்ப்பவருக்கு அழகாகவும் தெரியும்.

கேள்வி: நாற்காலியில் காலை வைத்து ஸ்பிளிட்டை, அதாவது இரு கால்களையும் எதிரெதிர்த் திசையில் விரிப்பதை, 180 பாகைக்கு மேல் இழுக்கலாமா?

உங்கள் மூட்டுகள் தளர்வானவை என்றால் வேண்டாம். ஏற்கெனவே தளர்ந்த இடுப்பில் அது இடுப்புக் குழியைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையத்தையே நெருக்கும்.

கேள்வி: ஒரே கணுக்கால் மூன்று முறை பிசகிவிட்டது. வீக்கம் வடிந்ததும், கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் காலணி அணியலாமா?

வீக்கம் வடிவது அளவுகோல் ஆகாது. வெறுங்காலுடன் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். எத்தனை முறை முடிகிறது என்பதைவிட, எத்தனையாவது முறையில் கணுக்கால் வெளிப்பக்கம் சாயத் தொடங்குகிறது என்று கவனியுங்கள்; உங்கள் பயிற்சி அந்த எண்ணோடு நிற்க வேண்டும். அடிபடாத காலின் எண்ணை அது எட்டிய பிறகு, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்று பழகி, சிறு தாவல்களுக்கும் வந்த பின்னரே பாயின்ட்.

கேள்வி: இந்த மிகை நெகிழ்வு நோயா?

வலியோ மூட்டு நழுவலோ இல்லையென்றால் இது உடலமைப்பு மட்டுமே. மூட்டு அடிக்கடி நழுவுதல், நெடுநாள் வலி, தோல் வழக்கத்துக்கு மாறாக இழுபடுதல், குடும்பத்தில் பிறருக்கும் இதே தொல்லை ஆகியவை சேர்ந்திருந்தால் உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபுவழி நோயான ஏலர்ஸ்–டான்லோஸ் நோய்த்தொகுப்பா என்று மருத்துவர் ஆராய வேண்டும். அதன் மிகை நெகிழ்வு வகைக்கு உறுதிப்படுத்தும் மரபணுச் சோதனை இன்னும் இல்லை. உடலைப் பரிசோதித்தும் குடும்ப வரலாற்றைக் கேட்டும்தான் முடிவு செய்வார்கள். ஆகவே பெற்றோரில் யாருக்காவது மூட்டு நழுவியிருக்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள்.