32 பேரில் ஒன்பதாம் நம்பருக்கு ரெண்டே பேரா? மகளிர் ரக்பி உலகக் கோப்பை அணிகள்: கேள்வி பதில்

2025 ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 27 வரை இங்கிலாந்தில் நடந்த மகளிர் ரக்பி உலகக் கோப்பையின் அணிப்பட்டியல்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். 16 அணிகள், அணிக்கு 32 பேர், ஆக 512 பெயர்கள். கேள்விகள் நான் நினைத்ததைவிட அதிகம் வந்துவிட்டன. கல்லூரியில் ரெண்டு வருஷம் ஹூக்கராக, அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று ஆடி ஒரு காதைக் கெடுத்துக்கொண்டவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

கபடிப்பிள்ளை, திண்டுக்கல்: கிரிக்கெட்டுக்கு 15 பேர் போதும். இதுக்கு எதுக்கு அண்ணே 32? களத்தில் 15 பேர்தானே?

களத்தில் 15, மாற்று ஆட்டக்காரர்கள் 8. ஒரு ஆட்டத்துக்கு 23 பேர் சட்டை போடுகிறார்கள். மிச்சம் ஒன்பது பேர் சும்மா உட்கார வந்தவர்கள் என்று நினைத்துவிடாதே தம்பி. ஐந்து வாரத்தில் ஆறு ஆட்டம். ஒவ்வொன்றிலும் 80 நிமிடம் மோதல். இந்த விளையாட்டில் உடம்பு தேயும்.

உதாரணம் பார். இங்கிலாந்தின் ஃபுல்பேக் (எல்லாருக்கும் பின்னால் நிற்பவர்) எல்லி கில்டன், 2024-ல் உலகின் சிறந்த வீராங்கனை. ஆஸ்திரேலியாவுடன் ஆடும்போது தலையில் அடிபட்டு, ஸ்காட்லாந்துக்கு எதிரான காலிறுதியில் ஆட முடியவில்லை. அந்த இடத்தில் எம்மா சிங் இறங்கினார். 40-8 என்று இங்கிலாந்து ஜெயித்தது. அரையிறுதிக்குக் கில்டன் திரும்பி வந்து ஃபிரான்ஸுக்கு எதிராக ரெண்டு ட்ரை போட்டார் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை). பட்டியலில் எம்மா சிங் பெயரைப் பார்த்து ‘இது யாரு’ என்று தாண்டிப்போனவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

பெயர் வேண்டாம், கோவை: அணிப்பட்டியலை எப்படிப் படிப்பது? எனக்கு எல்லாம் பெயராகத்தான் தெரிகிறது.

நட்சத்திரங்களை விட்டுவிட்டு முன்வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். என் வழக்கம் இதுதான்.

ஸ்க்ரம் என்பது எட்டுக்கு எட்டு பேர் தோளோடு தோள் கோத்துத் தள்ளுவது. அதில் முன்னால் நிற்கும் மூன்று பேர், ஒரு ஹூக்கர், ரெண்டு ப்ராப். பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்து போய்விடும். அதனால் அந்த இடத்துக்குப் பழகியவர்தான் நிற்கலாம் என்பது விதி. 23 பேரில் குறைந்தது ஆறு பேர் முன்வரிசைக்காரர்களாக இருக்க வேண்டும். போதிய ஆள் இல்லாமல் போனால் நடுவர் ‘தள்ளாத ஸ்க்ரம்’ அறிவித்துவிடுவார், அதாவது சும்மா கோத்து நின்று பந்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வலுவான ஸ்க்ரம் வைத்திருக்கும் அணிக்கு அது பாதி ஆயுதம் போன மாதிரி.

இப்போது இங்கிலாந்தின் 32-ஐ எண்ணுங்கள். ஹூக்கர் மூன்று: ஏமி கோகெய்ன், லார்க் அட்கின்-டேவிஸ், மே கேம்பல். ப்ராப் ஐந்து: ஹன்னா பாட்டர்மன், சாரா பெர்ன், மாட் முயிர், மெக்கென்சி கார்சன், கெல்சி கிளிஃபர்ட். எட்டு பேர், அதாவது அணியில் கால் பங்கு முன்வரிசைக்கே போய்விட்டது. மொத்தம் முன்னணியில் (ஸ்க்ரம்மில் தள்ளுபவர்கள்) 18, பின்னணியில் (மற்றவர்கள்) 14. பெரும்பாலான நாடுகளின் கணக்கு இதையொட்டித்தான் இருக்கும்.

ரக்பி ராணி, சென்னை: அதே பட்டியலில் ஒன்பதாம் நம்பருக்கு ரெண்டே பேர். பைத்தியக்காரத்தனம் இல்லையா?

சூதாட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் நம்பர் என்றால் ஸ்க்ரம் ஹாஃப், பந்தை முதலில் தொட்டு எல்லாருக்கும் கொடுப்பவர். நடாஷா ஹண்ட், லூசி பாக்கர், அவ்வளவுதான். ஒருவர் காயம்பட்டால் அடுத்த ஆட்டத்துக்கு மாற்றே இல்லாத நிலை. ஆனால் மூன்றாவது ஸ்க்ரம் ஹாஃப் அழைத்துப் போனால் இன்னொரு இடத்தில் ஆள் குறையும். பயிற்சியாளர் ஜான் மிட்செல் ரெண்டு பேரோடு போனார், தப்பித்தார்.

எனக்கு இந்தப் பட்டியலிலேயே பிடித்த பெயர் ஹண்ட். முந்தைய உலகக் கோப்பைக்கு அவரை எடுக்கவே இல்லை. கோவிட்டால் தள்ளிப்போய் 2022-ல் நியூசிலாந்தில் நடந்ததே, அது. தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயித்திருந்த இங்கிலாந்து அங்கே இறுதியில் 34-31 என்று தோற்றது. மூன்று வருஷம் கழித்து ட்விக்கனாமில் இறுதி ஆட்டம் தொடங்கும்போது ஒன்பதாம் நம்பர் சட்டையில் நின்றது அதே ஹண்ட். பட்டியலில் பெயர் இல்லை என்றதும் வீட்டுக்குப் போய்விடாதவர்.

கண்டிக்காரன்: அண்ணே, இங்க றக்பி எண்டா உயிர். ஆனா பெண்கள் பக்கம் ஆசியாவில இருந்து ஜப்பான் மட்டும்தானே வருது?

2025-ல் ஜப்பான் மட்டும்தான். ஆனால் வரலாறு அப்படி இல்லை. கஜகஸ்தான் பெண்கள் 1994-லிருந்து 2014 வரை ஆறு உலகக் கோப்பை ஆடியிருக்கிறார்கள். ஹாங்காங் 2017-ல் வந்து நியூசிலாந்திடம் 121-0 என்று வாங்கியது. அந்த ஒரே ஆட்டத்தில் போர்ஷியா வுட்மன் எட்டு ட்ரை.

ஜப்பான் இந்த முறை ஸ்பெயினை 29-21 என்று வென்றது. பிரிவில் நியூசிலாந்தும் அயர்லாந்தும் இருந்ததால் அதற்குமேல் போக முடியவில்லை.

இந்தியா எங்கே சார்? (பலர் கேட்டது)

வெகு தூரத்தில். 15 பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் முதல் சர்வதேசப் போட்டி ஆடியதே 2018-ல்தான். அடுத்த வருஷம் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றதுதான் முதல் வெற்றி. நம்மூரில் ஏழு பேர் ஆடும் செவன்ஸுக்குத்தான் கொஞ்சம் ஆதரவு, ஒலிம்பிக்கில் இருப்பது அதுதான் என்பதால்.

இன்ஸ்டா மூலம் வந்தவள்: நான் அமெரிக்காவின் இலோனா மேஹரைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டையே தெரிந்துகொண்டேன். செவன்ஸ் ஆடுகிறவரை 15-க்கு எடுத்தது விளம்பரத்துக்குத்தான் என்கிறார்களே?

பாதி சரி, பாதி பொறாமை. பாரிஸ் ஒலிம்பிக்கில் செவன்ஸ் வெண்கலம் வாங்கிய கையோடு அவர் இங்கிலாந்து போய் பிரிஸ்டல் அணிக்கு ஆடினார். உலகக் கோப்பை அணியில் இடம் கேட்க அந்தப் பயிற்சி வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அமெரிக்காவுக்கு அவர் சென்டர், பின்னணியின் நடுவில் ஆடுபவர். கேட் ஸக்கரி தலைமையில் அந்த அணி முதல் நாள் சண்டர்லாந்தில் இங்கிலாந்திடம் 69-7 என்று நொறுங்கியது. அன்று மைதானத்தில் 42,723 பேர். அதில் எத்தனை பேர் மேஹருக்காக வந்தார்கள் என்று எண்ண முடியாது, ஆனால் ஒரு அணியின் வருமானத்துக்கு அதுவும் ஒரு வேலைதானே? அடுத்து ஆஸ்திரேலியாவுடன் 31-31 சமன். கிட்டத்தட்டக் காலிறுதிக்குப் போயிருப்பார்கள்.

செவன்ஸ் ஆள்களை நியூசிலாந்தும்தான் எடுத்தது. ஓய்வு பெற்றிருந்த வுட்மன்-விக்லிஃப் (ஹாங்காங்குக்கு எதிராக எட்டு ட்ரை போட்ட அதே வுட்மன்) திரும்பி வந்தார், ஜோர்ஜா மில்லர் வந்தார். யாரும் விளம்பரம் என்று சொல்லவில்லை.

சந்தேகப் பேர்வழி: சமோவாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரே குடும்பப் பெயர்கள் வருகின்றன. யார் எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பதற்குக் கணக்கு உண்டா?

உண்டு. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது அப்பா அம்மா, தாத்தா பாட்டி ஒருவராவது அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தொடர்ந்து ஐந்து வருஷம் அங்கே வசித்திருக்க வேண்டும். முன்பு இது மூன்று வருஷம். விட்டுவிட்டு மொத்தம் பத்து வருஷம் வாழ்ந்தாலும் சரி.

2022-லிருந்து இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. ஒரு நாட்டுக்கு ஆடியவர், மூன்று வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாமல் இருந்தால், தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஒரே ஒரு முறை மாறலாம். பசிபிக் தீவுகளுக்கு இது பெரிய உதவி. ஆண்களில் இஸ்ரேல் ஃபொலாவ் ஆஸ்திரேலியாவிலிருந்து டோங்காவுக்குப் போனது இந்த வழியில்தான்.

அதே சந்தேகப் பேர்வழி: அப்படியும் சமோவா இங்கிலாந்திடம் 92-3 என்று தோற்றதே. 16 அணி ஆக்கியது தப்பு என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த 3 புள்ளியைப் பார்த்தீர்களா? ஒரு பெனால்டி கிக். உதைத்ததும் ஏதோ கோப்பை வாங்கியதுபோல் துள்ளினார்கள். எதிரே நிற்பது முழுநேரச் சம்பளக்காரர்கள். இங்கிலாந்து 2019 ஜனவரியிலேயே 28 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்துவிட்டது. சமோவா அணியில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடுகிறவர்கள். அந்த 92-ல் பெரும்பகுதி சம்பள வித்தியாசம்.

12 அணியாகவே இருந்திருந்தால் பிரேசில் வந்திருக்குமா? தென் அமெரிக்காவிலிருந்து மகளிர் உலகக் கோப்பைக்கு வந்த முதல் அணி அது. மூன்றும் தோல்வி. ஆனால் ஃபிரான்ஸுக்கு எதிராக பியாங்கா சில்வா போட்ட ட்ரை பிரேசிலின் முதல் உலகக் கோப்பை ட்ரை. ஃபிஜி வேல்ஸை 28-25 என்று வென்றது. தென்னாப்பிரிக்கா இத்தாலியைக் கவிழ்த்து முதல் முறையாகக் காலிறுதி போனது. சின்ன அணிகளைக் கழித்துக்கட்டச் சொல்பவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

மாமா ஒருவர், தஞ்சாவூர்: பிள்ளை பெற்ற பெண் இதெல்லாம் ஆடலாமா?

ஆடுகிறார்கள் மாமா. இங்கிலாந்தின் லாக் (ஸ்க்ரம்மில் இரண்டாம் வரிசைக்காரர்) ஆபி வார்டுக்கு 2023 ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. அந்த வருஷம்தான் அங்கே 26 வாரம் முழுச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு என்று கொண்டுவந்திருந்தார்கள். நவம்பரிலேயே கிளப் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். 2025 இறுதியில் முதல் 15-ல் இருந்தார்.

காயத்துக்குப் பயந்தவன்: காயம்பட்டவரையே அணியில் அறிவிக்கிறார்களே, ஏன்?

ஒருவரை விலக்கி வேறு ஆளைச் சேர்த்துவிட்டால் விலக்கப்பட்டவர் அந்தத் தொடருக்குத் திரும்ப முடியாது. அதனால் நல்ல ஆட்டக்காரர் என்றால் காத்திருப்பார்கள். அயர்லாந்தின் ஈஃபா வேஃபர் அந்த வருஷ சிக்ஸ் நேஷன்ஸின் (ஆறு ஐரோப்பிய நாடுகள் வருஷாவருஷம் ஆடும் தொடர்) சிறந்த வீராங்கனை. முழங்கால் சிகிச்சை முடிந்து முதல் ஆட்டங்களுக்குத் தயாராகவில்லை. இருந்தும் அழைத்துப் போனார்கள். பிறகு ஆடினார். இங்கிலாந்துத் தலைவி ஜோயி ஆல்ட்க்ராஃப்ட்டும் முதல் ஆட்டத்திலேயே அடிபட்டார், கடைசி நாள் கோப்பையைத் தூக்கினார்.

தலைக்காயம் மட்டும் தனி. ஆடுகிறவர்களின் வாய்க்காப்பிலேயே கருவி இருக்கிறது. மோதல் ஒரு அளவைத் தாண்டினால் இந்தத் தொடரில் அது விளக்காகவே ஒளிர்ந்தது. வெளியே கூட்டிப்போய்ப் பரிசோதிக்க 12 நிமிடம், அதுவரை மாற்று ஆள் ஆடலாம்.

புள்ளிவிவரப் புலி: மாற்று ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டத்தையே மாற்றியதுண்டா?

கனடாவின் ஜூலியா ஷெல். யார்க் நகரில் ஃபிஜிக்கு எதிராக இரண்டாம் பாதியில் இறங்கி, ஏறக்குறைய இருபது நிமிடத்தில் ஆறு ட்ரை. 65-7.

டொரன்டோ தமிழன்: எங்கள் கனடாவைப் பற்றி நாலு வரியாவது எழுதுங்கள்!

நாலு வரியில் அடங்காது. உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த அணி, செலவுக்குப் பணம் போதாமல் பொதுமக்களிடம் 10 லட்சம் டாலர் நன்கொடை கேட்டு இயக்கம் நடத்தியது. கேட்கவே சங்கடமாக இருந்தது, ஆனால் பணம் சேர்ந்தது. அந்த அணிதான் அரையிறுதியில் நடப்பு சாம்பியன் நியூசிலாந்தை 34-19 என்று வீட்டுக்கு அனுப்பியது.

சோஃபி டி கூட் தெரியும்தானே? லாக் இடத்தில் ஆடிக்கொண்டே கோல் உதைப்பும் செய்கிறவர். லாக் என்றால் மலை மாதிரி ஆட்கள், அவர்கள் உதைப்பது யானை சைக்கிள் ஓட்டுவது மாதிரி அரிது. அம்மா ஸ்டெஃபனி வைட் கனடா பெண்கள் அணியின் தலைவி, அப்பா ஹான்ஸ் 1987 ஆண்கள் உலகக் கோப்பையில் கனடாவின் தலைவர். 2024-ல் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு வருஷம் வெளியே இருந்தார். திரும்பி வந்து 2025-ன் உலகச் சிறந்த வீராங்கனை.

இறுதியில் 33-13 என்று இங்கிலாந்து வென்றது. 81,885 பேர் முன்னால். இங்கே சனிக்கிழமை இரவு எட்டரை மணி. மறுநாள் ஆசியக் கோப்பை இந்தியா-பாகிஸ்தான் இறுதி என்பதால் வீட்டில் யாருக்கும் ரிமோட்டைத் தர மனமில்லை. போனில் பார்த்தேன்.

பழைய பேப்பர் சேகரிப்பவர்: முதல் உலகக் கோப்பை எப்போது?

1991, வேல்ஸில், 12 அணிகள். சர்வதேச ரக்பி அமைப்பின் அங்கீகாரம் இல்லாமல் பெண்களே நடத்தியது. கார்டிஃப் இறுதியில் அமெரிக்கா 19-6 என்று இங்கிலாந்தை வென்றது. சோவியத் அணி கையில் காசில்லாமல் வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த வோட்காவை விற்றுச் சமாளிக்கப் பார்த்ததாம். சுங்கக்காரர்கள் வந்து விசாரித்தார்கள்!

கபடிப்பிள்ளை மறுபடி: 2029-க்கு இப்பவே ஒரு பெயர் சொல்லுங்க அண்ணே, குறிச்சு வச்சுக்கிறேன்.

அடுத்தது ஆஸ்திரேலியாவில். குறித்துக்கொள்: பிராக்ஸ்டன் சோரன்சன்-மெகீ, நியூசிலாந்து. 18 வயதில் வந்து 11 ட்ரை, 2025 தொடரிலேயே அதிகம். 2029-லும் அவருக்கு இருபதுகளின் தொடக்கம்தான். கூடவே ஏதாவது ஒரு ப்ராப் பெயரையும் எழுதிவை தம்பி. யாரும் எழுத மாட்டார்கள்.