கொம்பியூட்டர் பழசோ, உள்ளுக்க ஒரு சாமான் பழசோ?

கேள்வி: நான் காரைநகரில இருக்கிற ஓய்வுபெற்ற ரீச்சர். 2014 இல வேண்டின மேசைக் கொம்பியூட்டர் என்னட்ட இருக்கு, நாலாந் தலைமுறை ஐ3, 4 ஜிபி றாம், 500 ஜிபி ஹாட் டிஸ்க், வின்டோஸ் 10. ரெண்டு மூண்டு மாசமா ஒன் பண்ணிப்போட்டுப் போய் தேத்தண்ணி வச்சுக் குடிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கொண்டுதான் நிக்குது. உள்ளுக்க இருந்து இடைக்கிடை டக் டக் எண்டு சத்தம். திகதி ஒவ்வொரு நாளும் 2014 ஜனவரிக்குப் போயிடும், இன்ரநெற் திறந்தா பாதுகாப்பில்லை எண்டு சொல்லுது. திருத்துறவரிட்டக் காட்டினன், மதர்போட் போட்டுது, புதுசு எடுங்கோ எண்டிட்டார். கனடாவில இருக்கிற மகனும் லப்டொப்புக்குக் காசு அனுப்புறன் எண்டுறான். ஆனா அதுக்குள்ள என்ர அப்பா எழுதின பாட்டுகள் எல்லாம் நான் பாமினியில ரைப் பண்ணி வச்சது, கோயில் கும்பாபிஷேக மலர், என்ர வீட்டுக்காரற்ற படங்கள் எல்லாம் கிடக்கு. திருத்துறதோ, புதுசு எடுக்கிறதோ?

பதில்: ரீச்சர், திருத்துறதோ புதுசோ எண்டதைப் பேந்து பாப்பம். இந்தப் பக்கத்தை வாசிச்ச கையோட அந்த மெஷினை ஓஃப் பண்ணி பிளக்கைக் கழட்டி விடுங்கோ, திரும்ப ஒன் பண்ணிப் பாக்கவேண்டாம். அந்த டக் டக் சத்தம்தான் எனக்குப் பயம். ஹாட் டிஸ்க்குக்குள்ள தட்டு ஒண்டு நிமிசத்துக்கு 7200 தரம் சுத்தும், அதுக்கு மேல வாசிக்கிற முனை முட்டாமல் மயிரிழையிலும் சின்ன இடைவெளியில மிதந்துகொண்டு நிக்கும். முனைக்குத் தான் எங்க நிக்கிறன் எண்டு பிடிபடாட்டி ஓரத்துக்குப் போய்த் திரும்ப வரும், திரும்பவும் பிடிபடாது, திரும்பவும் போகும், அந்தப் போக்குவரத்துத்தான் உங்களுக்குக் கேக்கிற சத்தம். இப்பிடி ஓடுற ஒவ்வொரு நிமிசமும் அப்பான்ர பாட்டில இருந்து கொஞ்சம் கொஞ்சமாப் போகும்.

ஆரும் வந்து வின்டோஸ் திரும்பப் போட்டுப் பாப்பம் எண்டா விடாதேங்கோ. டிஸ்க் செக் போட்டு விடுவம், டிஃப்ராக் பண்ணுவம் எண்டாலும் வேண்டாம், சாகக் கிடக்கிற டிஸ்க்கை ஓட்டப் போட்டிக்கு விடுற மாதிரி அது. நாலு ஸ்குரூவைக் கழட்டி டிஸ்க்கை வெளியில எடுத்து, யூஎஸ்பி சாட்டா கேபிளில வேற நல்ல கொம்பியூட்டரில கொழுவுங்கோ. உங்கட டிஸ்க் மூண்டரை அங்குலப் பெரிய டிஸ்க், அதுக்கு 12 வோல்ட் அடப்டர் தனியா வேணும், லப்டொப் டிஸ்க்குக்குக் குடுக்கிற வெறும் கேபிள் காணாது, பிறகு ஓடேல்லை எண்டு பயப்பிடக்கூடாது. கொப்பி எடுக்கேக்க முழு டிஸ்க்கையும் ஒரேயடியா இழுக்காமல் முதல்ல பாட்டு ஃபைலுகள், அதுகள் சின்னன், ஒரு நிமிசத்தில வந்திடும், அதுக்குப் பிறகு மலர், அதுக்குப் பிறகு படங்கள். ஒரு ஃபோல்டரில நிண்டுபோனா அதை விட்டிட்டு அடுத்ததுக்குப் போங்கோ. விசயம் தெரிஞ்ச பொடியன் ஆரும் கிடைச்சா டிடிறெஸ்கியூ எண்ட இலவச புரோகிராமால செய்யச் சொல்லுங்கோ, அது நல்லா வாசிக்கக்கூடிய இடங்களை முதல்ல எடுத்துப்போட்டு பழுதான இடங்களுக்குக் கடைசியாத்தான் வரும். டிஸ்க் சுத்தவே இல்லையெண்டாலும் ஆரையும் டிஸ்க்கின்ர மூடியைத் திறக்க விடாதேங்கோ, ஒரு துணிக்கை தூசி காணும், எல்லாம் முடிஞ்சிடும்.

இன்னொண்டு, பாமினியில ரைப் பண்ணினது எண்டு சொன்னீங்கள். அந்த எழுத்துரு ஃபைலையும் சேத்துக் கொப்பி எடுங்கோ. அது இல்லாத மெஷினில திறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாத்தான் தெரியும், அப்பான்ர பாட்டுத்தான் இது எண்டு பேரப்பிள்ளையளுக்கு விளங்காது, அழிச்சும் போடுவினம். ஆறுதலா இருக்கேக்க யூனிகோடுக்கு மாத்தி வையுங்கோ. மாத்தினாப் பிறகு ஒருக்கா வரிக்கு வரி வாசிக்கவேணும், கொம்பும் காலும் சிலநேரம் இடம் மாறிப்போகும். கொப்பி ரெண்டு இடத்தில இருக்கட்டும், ஒண்டு உங்களிட்ட, ஒண்டு கனடாவில மகனிட்ட. 1981 இல எங்கட யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியேக்க 97,000 வரையான நூலும் ஏடும் போனது, அதில வேற எங்கயும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தது எண்டதை நினைக்க இண்டைக்கும் நெஞ்சு பதறுது. உங்கட அப்பான்ர பாட்டுக்கும் இப்ப ஒரேயொரு பிரதிதான் இருக்கு ரீச்சர், அதுவும் டக் டக் எண்டுற டிஸ்க்கில. மலரை 2005 இல இருந்து இயங்கிற நூலகம் எண்ட எண்ணிம நூலகத்துக்கும் குடுக்கலாம், ஊர்க் கோயில் மலரையெல்லாம் அவையள் சேத்து வைக்கினம்.

இனி மெஷினுக்கு வருவம். மதர்போட் போட்டுது எண்டு சொன்னவர் மூடியைத் திறந்து பாத்தவரோ எண்டு எனக்குச் சந்தேகம். திகதி பின்னுக்குப் போறதுக்குக் காரணம் போட்டில இருக்கிற காசு மாதிரி வட்டப் பற்றரி, சிஆர்2032, 3 வோல்ட். சாதாரணமா எந்தக் கடையிலயும் கிடைக்கும், நகத்தால கிளிப்பைத் தள்ளினா வெளியில வந்திடும். இன்ரநெற் பாதுகாப்பில்லை எண்டு சொல்லுறதும் அதாலதான், ஒவ்வொரு தளத்துக்கும் இந்தத் திகதியில இருந்து இந்தத் திகதி வரை செல்லும் எண்டு ஒரு சான்றிதழ் இருக்கு, உங்கட கொம்பியூட்டர் 2014 எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கேக்க அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, பிறகெப்பிடி நம்பும். பற்றரியும் டிஸ்க்கும் போனா மெஷின் இப்பிடித்தான் நடக்கும், இதில மதர்போட்டைக் குறை சொல்ல ஒண்டும் இல்லை.

எண்டாலும் திறந்து ஒருக்கா வடிவாப் பாக்கவேணும், காரைநகர் எண்டபடியாச் சொல்லுறன். உப்புக்காத்து உள்ளுக்க என்ன செய்யும் எண்டு நான் கையால தொட்டுப் பாத்திருக்கிறன். போன வருசம் கடற்கரைப் பக்கமிருந்து ஒருதர் கொண்டுவந்த மெஷினில றாமைக் கழட்டினா, பொன் நிறமா இருக்கவேண்டிய பல்லு வரிசை முழுக்க மங்கி, ரெண்டு பல்லில பச்சைப் பூப் பூத்திருந்தது, பவர் சப்ளைக்குள்ள பல்லி முட்டை மூண்டு, ஒரு பல்லி வயரோட ஒட்டிக் காஞ்சுபோய்க் கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையள் பாவிக்கிற அழிறப்பரால பல்லு வரிசையை ஒரு திசையில மெதுவாத் தேச்சு, தூளைப் பிரஷால தட்டிப்போட்டு, கிளிக் எண்டு கேக்கும்வரை அமத்திப் பூட்டினன், உயிர் வந்திட்டுது. மதர்போட் உண்மையில போனதுக்கு அடையாளம் வேற. சின்னப் பீப்பாய் மாதிரி நிக்கிற கப்பாசிற்றர் தலைகள் தட்டையா இருக்கவேணும், வீங்கியிருந்தாலோ பழுப்பா ஏதும் கசிஞ்சிருந்தாலோ அதில காசு போடாதேங்கோ.

கப்பாசிற்றர் எல்லாம் தட்டையா இருந்தா என்ர முடிவு திருத்துறதுதான். பழைய டிஸ்க்கை எறிஞ்சிட்டு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி எண்ட புதுவகை டிஸ்க் ஒண்டு, இன்னொரு 4 ஜிபி றாம், பற்றரி, இவ்வளவுந்தான், எல்லாம் சேத்தாலும் புது லப்டொப்போட பாக்கேக்க சின்னக் காசு. றாம் டிடிஆர்3 தான் வேணும், கடையில டிடிஆர்4 ஐத் தந்தா வெட்டு இடம் மாறி இருக்கும், அமத்தினா ஸ்லொட் உடையும். பழசு நல்லதாக் கிடைக்கும், புதுசு தேடவேண்டாம், 2025 கடைசியில இருந்து உலகம் முழுக்க றாம் விலை ஏறிப்போச்சு. எஸ்எஸ்டியால ஏன் இவ்வளவு வித்தியாசம் எண்டா, ஹாட் டிஸ்க்கில ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் முனை நகர்ந்து தட்டுச் சுத்தி வரும்வரை பத்து மில்லிசெக்கன் அளவில காத்திருக்கவேணும், வின்டோஸ் எழும்பேக்க இப்பிடி ஆயிரக்கணக்கில ஃபைல். எஸ்எஸ்டியில சுத்துற சாமானே இல்லை.

ஒரேயொரு பிரச்சினை வின்டோஸ். 10க்கு இலவசப் பாதுகாப்பு 2025 ஒக்ரோபர் 14ஓட முடிஞ்சுது, பதிவுசெய்தா வீட்டுக் கொம்பியூட்டருக்கு 2026 ஒக்ரோபர் வரை நீட்டலாம். 11க்கு இன்ரெல் எண்டா எட்டாந் தலைமுறைப் புரொசெசரும் ரிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சில்லும் வேணும், உங்கடதில ஏறாது, குறுக்கு வழியால ஏத்தித் தாறம் எண்டு சொல்லுவினம், நாளைக்கு அப்டேற் நிண்டா ஆர் வந்து பாக்கிறது, எனக்கு அதில விருப்பமில்லை. உங்களுக்கு வேண்டியது ரைப்பிங்கும் பேப்பர் வாசிக்கிறதும் மகனோட கதைக்கிறதும்தானே, வின்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ற் போடுங்கோ, காசில்லை, பாமினியும் அதில வேலை செய்யும். வேர்ட்டில செய்த மலரின்ர பக்க அமைப்பு மட்டும் கொஞ்சம் குழம்பலாம், அதை முன்னமே பிடிஎஃப் ஆக்கி வையுங்கோ. மகன் காசு அனுப்பத்தான் போறான் எண்டா ஒரு நல்ல வெளி டிஸ்க்கும் யூபிஎஸும் எடுக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: கொக்குவில், ஏ.எல். படிக்கிறன். வீடியோ எடிற் பண்ணேக்க பத்து நிமிசத்தில கொம்பியூட்டர் படக்கெண்டு நிண்டிடும், உடன ஒன் பண்ணினா திரும்ப நிக்கும், கொஞ்ச நேரம் விட்டா ஓடும். கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு வேண்டினாச் சரியாகுமெண்டு கூட்டாளி சொல்லுறான், அம்மாட்டக் கேக்கட்டோ?

பதில்: கேக்காதேங்கோ தம்பி, இப்ப வேண்டாம். கொஞ்ச நேரம் விட்டா ஓடுது எண்டு நீங்களே விடையைச் சொல்லிப்போட்டீங்கள், அது சூடு. இந்த நிலையில கார்ட் பூட்டினா பவர் சப்ளைக்கு இன்னும் பாரம், இன்னும் கெதியா நிக்கும். வெப்பநிலை காட்டுற இலவச புரோகிராம் ஒண்டைப் போட்டு, எடிற் பண்ணேக்க பாத்துக்கொண்டிருங்கோ, 100 டிகிரியைக் கிட்டுது எண்டா புரொசெசர் தன்னைக் காப்பாத்தத்தான் நிக்குது. ஃபானைக் கழட்டிப் புழுதியைப் பெயின்ற் பிரஷால எடுங்கோ, ஊதேக்க ஃபானை விரலால பிடிச்சுக்கொள்ளுங்கோ, சுத்த விடக்கூடாது. அடியில இருக்கிற, புரொசெசரின்ர சூட்டைக் கடத்துற தேர்மல் பேஸ்ற் வருசக்கணக்கில காஞ்சு சுண்ணாம்பு மாதிரி உதிரும், அதைத் துடைச்சிட்டுப் பயறளவு புதுசு வையுங்கோ, கூட வைச்சாக் கூடக் குளிரும் எண்டில்லை.

வெப்பம் 70க்குள்ள நிக்கேக்கயும் நிண்டா பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கோ. 12 வோல்ட் வயரில 11.4க்குக் கீழ இறங்கினா அது கூடாது. கூட்டாளியிட்ட நல்லது ஒண்டு இருந்தா ஒரு பின்னேரம் கடன் வேண்டி மாத்திப் பாருங்கோ, வேண்டமுன்னம் மாத்திப் பாக்கிறதுதான் இதில பெரிய கெட்டித்தனம். யூபிஎஸ் இருந்தா அதின்ர பற்றரியையும் பாருங்கோ, 12 வோல்ட் ஈயப் பற்றரி ரெண்டு மூண்டு வருசந்தான், 2022 இல நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிண்ட நேரம் அடிமட்டம்வரை இறங்கி இறங்கிச் செத்த பற்றரிகளை இன்னும் கன வீடுகளில வச்சிருக்கினம். ஒரு விசயம் கேக்காமலே சொல்லுறன். கேசிங்கைத் தொட விறுவிறுக்குதோ? அப்பிடியெண்டா ஏர்த் இல்லை. மூண்டு பின் ஓட்டையில பேனையால குத்தித் திறந்து ரெண்டு பின் பிளக்கைச் செருகிற பழக்கம் எங்கட வீடுகளில இருக்கு, அதை இண்டைக்கே விடுங்கோ, வெறும் காலோட ஈரச் சீமெந்தில நிண்டு தொடுற நாளும் வரும்.

கேள்வி: சாவகச்சேரி. போன மழைக்கு இடி விழுந்த பிறகு கொம்பியூட்டர் நல்லா ஓடுது, ஆனா கேபிளில இன்ரநெற் மட்டும் வரேல்லை. ரவுட்டர் புதுசு மாத்தியும் சரிவரேல்லை. போட் மாத்தவேணுமோ?

பதில்: மாத்தத் தேவையில்லை. மின்னல் ரெலிபோன் வயரால வந்து ரவுட்டருக்குள்ளால கேபிளில ஏறி மதர்போட்டில கேபிள் செருகிற லான் போர்ட்டைச் சுட்டிருக்கு, மற்ற இடத்துக்குப் போகாதது உங்கட அதிர்ஷ்டம். யூஎஸ்பியில செருகிற லான் அடப்டரோ வைஃபை டொங்கிளோ ஒண்டு வேண்டினாக் காணும், அஞ்சு நிமிச வேலை. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தா கரண்ட் பிளக்கைக் கழட்டுறமாதிரி ரெலிபோன் வயரையும் ரவுட்டரில இருந்து கழட்டி விடுங்கோ, பிளக்கை மட்டும் கழட்டிப்போட்டு வயரை விட்ட வீடுகளில இருந்துதான் எனக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு மாரிக்கும் வருகுது.