பொரூவ்காவின் மின்கம்பிகள்

அன்புள்ள ஐயா,

நான் கணிப்பொறி அறிவியல் மாணவி. எல்லாப் புள்ளிகளையும் மிகக் குறைந்த செலவில் இணைக்கும் வழிமுறைகளை பிரிம், க்ருஸ்கால் பெயர்களில் படித்தோம். பாடநூலில் ஓரமாக பொரூவ்கா என்ற செக் பெயரும் 1926 என்ற ஆண்டும் இருந்தன. தேடிப் பார்த்தால் அவர் தூய கணிதத்தில் பேராசிரியராக இருந்தவர். கணிப்பொறியே இல்லாத காலத்தில் அவருக்கு இதில் என்ன வேலை? தற்செயலாக வந்து மாட்டியதா?

ர., கோவை

அன்புள்ள ர.,

தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒட்டகார் பொரூவ்கா 1899இல், இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதியான மொராவியாவில் பிறந்தவர். மொராவியாவின் பிர்னோ நகரில் முதலில் படிக்கப் போனது கட்டடப் பொறியியல். அங்கே அவரைக் கணிதத்துக்கு இழுத்தவர் பேராசிரியர் லெர்க், பெர்லினில் புகழ்பெற்ற கணிதர் வையர்ஸ்ட்ராஸிடம் பாடம் கேட்டவர். புதிதாகத் தொடங்கிய மசாரிக் பல்கலைக்கழகத்துக்கு லெர்க் போனபோது பொரூவ்காவை உதவியாளராக அழைத்துக்கொண்டார்.

முதல் உலகப் போர் முடிந்து மொராவியாவின் ஊர்களுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்த காலம் அது. மின்நிறுவனத்தில் வேலை பார்த்த நண்பர் சாக்சல் கேட்டார்: இத்தனை ஊர்களையும் இணைக்க ஆகக் குறைந்த கம்பி எவ்வளவு? இது நம் துறையில்லை என்று பொரூவ்கா தள்ளிவிடவில்லை. எனக்கு அவர்மீது மதிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

அவருடைய விடை இது. ஒவ்வொரு ஊரையும் அதற்கு மிக அருகிலுள்ள ஊரோடு இணை. ஊர்கள் கூட்டங்களாகச் சேரும். இனி ஒவ்வொரு கூட்டத்தையும் ஓர் ஊராகக் கருதி அதையே திரும்பச் செய். ஒரு சுற்றில் கூட்டங்களின் எண்ணிக்கை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். 1000 ஊர்களுக்குப் பத்துச் சுற்று போதும்.

இது ஏன் சரி? எந்த இரண்டு தூரமும் சமமில்லை என்று கொள்ளுங்கள். ஆகக் குறைந்த கம்பியில் எல்லா ஊர்களையும் இணைக்கும் அமைப்பைச் சிறந்த வலை என்போம். ஓர் ஊரின் மிகக் குட்டையான கம்பி அந்த வலையில் இல்லை என்றால், அதை இழுத்துக் கட்டிப் பாருங்கள். ஒரு வளையம் உண்டாகும். அந்த வளையத்தில் அதே ஊரைத் தொடும் இன்னொரு கம்பி இருக்கும், அது இதைவிட நீளம். அதை அறுத்துவிடலாம், எந்த ஊரும் இருளாது, செலவும் குறையும். ஆகவே அந்த வலை சிறந்ததே அல்ல. இவ்வளவுதான் நிரூபணம். பொரூவ்காவின் மூலக் கட்டுரையில் இது இத்தனை எளிதாக இல்லை. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியலின் (graph theory) மொழி அவர் கையில் இல்லாததால் எல்லாவற்றையும் அணிகளாக (matrix) எழுதிச் சிரமப்பட்டிருக்கிறார்.

அதைப் படித்த பிராகா நகரின் கணிதர் யார்னீக், ஓர் ஊரில் தொடங்கி வலையை வளர்த்துக்கொண்டே போகும் வழியை அவருக்குக் கடிதமாக எழுதினார். 1930இல் அது அச்சேறியது, தலைப்பிலேயே ‘பொரூவ்காவுக்கு எழுதிய கடிதத்திலிருந்து’ என்ற குறிப்போடு. பிரிம் 1957இல் கண்டது இதையேதான். யார்னீக்கின் பெயரையும் பாடநூல்கள் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். க்ருஸ்கால் நேர்மையாளர், 1956இல் தம் கட்டுரையில் பொரூவ்காவைக் குறிப்பிட்டிருக்கிறார்.

பொரூவ்கா அதன்பின் எடுவார்ட் செக் என்ற கணிதரின் தூண்டுதலில் பாரிஸ் போய், அங்கிருந்த கணிதர் எலீ கார்த்தானிடம் வகையீட்டு வடிவியல் (differential geometry) பயின்றார். 1939இல் ஜெர்மானியர் செக் பல்கலைக்கழகங்களை மூடினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிர்னோவில் பேராசிரியரானார். வகையீட்டுச் சமன்பாடுகளில் ஒரு மாணவர் பரம்பரையையே உருவாக்கி, 1965இல் ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். 1995இல் அதே நகரில் மறைந்தார்.

இந்த மின்கம்பிக் கணக்கைப் பற்றி 1926இல் அவர் எழுதியவை இரண்டு கட்டுரைகள். 2001இல் இரண்டும் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. மின்பொறியாளர்களுக்காக எழுதிய சிறியதை முதலில் படியுங்கள், இரண்டே பக்கம்.