திணறும் இளம் சென்டரை டிரேட் செய்து வாங்கலாமா?

வாசகர் கேள்வி: எங்கள் கூடைப்பந்து அணியில் சொல்லிக்கொள்ளும்படி சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) கிடையாது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இன்னொரு அணியில், புது வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் முதல் ஐந்து இடத்துக்குள் எடுக்கப்பட்ட 21 வயது ஏழடி வீரர் ஒருவர் மூன்றாவது சீசனிலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரை விற்கத் தயாராம். பதிலுக்கு எங்கள் தடுப்பாட்டத்தைத் தாங்கும் விங் வீரரையும் (பக்கவாட்டில் ஆடுபவர்) ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் (டிராஃப்டின் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை) கேட்கிறார்கள் என்று பேச்சு. நண்பர்களுக்குள் இரண்டு வாரமாகச் சண்டை. வாங்கலாமா, வேண்டாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலைக்கு வேண்டாம். விங் வீரரைத் தொடாமல், இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றிரண்டும் சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட ஒரு பெஞ்ச் வீரரும் என்று பேரம் இறங்கினால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்பேன். உங்கள் நண்பர்கள் சண்டை பெரும்பாலும் 'அவருக்குத் திறமை இருக்கிறதா' என்பதிலேயே நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். திறமை இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம், ஏழடி உயரமும் ஓட்டமும் துள்ளலும் இல்லாமல் ஒருவரை யாரும் அவ்வளவு மேலே எடுக்க மாட்டார்கள். அவர் ஏன் திணறுகிறார், அந்தக் காரணம் உங்கள் அணிக்கு வந்தால் விலகுமா, இதைப் பேசுங்கள்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான கதை ஜேம்ஸ் வைஸ்மேனுடையது. 2020 டிராஃப்டில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது. அடுத்து மூன்றாவதாகப் போனவர் லமெலோ பால். மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்காக வைஸ்மேன் ஆடியிருந்தது மூன்றே போட்டிகள். முதல் சீசனில் 39 போட்டிகள், சராசரி 11.5 புள்ளிகள், 5.8 ரிபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), பத்தொன்பது வயதுப் பையனுக்குக் குறை சொல்ல முடியாத கணக்கு. 2021 ஏப்ரலில் முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்தது, அடுத்த சீசன் முழுக்கப் போயிற்று. 2022-23ல் திரும்பி வந்தவரை சீசன் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் சான்டா குரூஸில் இருக்கும் ஜி லீக் (என்பிஏவின் கீழ்நிலை லீக்) அணிக்கு அனுப்பினார்கள்.

ஏன் என்று வாரியர்ஸ் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஸ்டெஃப் கரி பந்து கையில் இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருப்பார், அவர் பின்னால் இரண்டு பேர் ஓடுவார்கள், அந்தக் களேபரத்துக்கு நடுவே சென்டராக நிற்பவர் யாருக்கு ஸ்க்ரீன் போடுவது (எதிராளியை உடலால் மறித்து நம் ஆளுக்கு வழி விடுவது), பந்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று அரை நொடியில் தானே முடிவெடுக்க வேண்டும். அந்த அணியின் அனுபவ சென்டர் கெவான் லூனிக்கு அது பழகிப்போன வேலை. வைஸ்மேனுக்கோ அதைக் கற்றுக்கொள்ளவே ஆயிரக்கணக்கான நிமிட ஆட்டம் தேவைப்பட்டது, சாம்பியன் பட்டத்துக்கு ஆடும் அணியிடம் அந்த நிமிடங்கள் இல்லை.

2023 பிப்ரவரியில், நான்கு அணிகள் சேர்ந்த டிரேடில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அவரை வாங்கியது. முக்கியமாகக் கொடுத்தது சாடிக் பே என்ற விங் வீரரை. உங்களிடம் கேட்கிற அதே மாதிரியான கணக்கு! புது ஊரில் 24 போட்டிகளில் சராசரி 12.7 புள்ளிகள், 8.1 ரிபவுண்டுகள். பையன் தேறிவிட்டான் என்று அப்போது நானும் நம்பினேன், நம்ப ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி, ஏனென்றால் அந்த சீசனை 17 வெற்றி, 65 தோல்வி என்று முடித்த அணியில் யாராவது ஒருவர் அந்தப் புள்ளிகளை எடுத்துத்தான் ஆக வேண்டும். அடுத்த சீசன் இன்னும் மோசம்: 14 வெற்றி, 68 தோல்வி, நடுவில் தொடர்ச்சியாக 28 தோல்வி. வைஸ்மேனின் சராசரி 7.1 புள்ளிகளுக்கு இறங்கியது.

அங்கே நடந்த தவறு எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான். டெட்ராய்ட்டில் ஏற்கெனவே ஜேலன் டியூரன் என்ற இளம் சென்டர் இருந்தார், வைஸ்மேனைவிடச் சின்னவர். ஐசையா ஸ்டூவர்ட் இருந்தார். மார்வின் பேக்லியும் இருந்தார், 2018ல் அவரும் இரண்டாவதாக எடுக்கப்பட்டு, சாக்ரமென்டோவில் தேறாமல் டிரேடில் வந்தவர்தான். ஒரு நாற்காலி, உட்கார நான்கு பேர். விளையாட நிமிடம் இல்லாமல் ஒருவர் திணறினார் என்பதற்காக அவரை வாங்கிவிட்டு, அங்கேயும் வரிசையில் நிற்க வைத்தால் என்ன ஆகும்? 2024 கோடையில் ஒப்பந்தம் முடிந்து இண்டியானா பேசர்ஸுக்குப் போனார். சீசனின் முதல் போட்டி, அதுவும் டெட்ராய்ட்டிலேயே, அதில் அக்கிலீஸ் தசைநார் அறுந்துவிட்டது. அந்தப் பையனை நினைத்து மனசு கனக்காமல் இதை எழுத முடியவில்லை.

சரி, அப்படியானால் இந்த மாதிரி டிரேட் பலித்ததே இல்லையா? பலித்திருக்கிறது, நன்றாகவே.

ஜெர்மெய்ன் ஓநீல், 1996ல் 17வது தேர்வு, பள்ளியிலிருந்து நேராக போர்ட்லண்ட் டிரெயில் பிளேஸர்ஸுக்கு வந்தவர். நான்கு சீசனில் ஒருமுறைகூடச் சராசரி ஐந்து புள்ளியைத் தொடவில்லை. காரணம் அவர் முன்னால் நின்ற ஆட்கள்: ரஷீத் வாலஸ், பிரையன் கிராண்ட், ஆர்விடாஸ் சபோனிஸ். 2000 ஆகஸ்டில் இண்டியானா அந்த ஆண்டின் ஆல்-ஸ்டார் (சிறந்த வீரர்களின் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) டேல் டேவிஸைக் கொடுத்து 21 வயது ஓநீலை வாங்கியபோது விலை அதிகம் என்றுதான் பலருக்குத் தோன்றியது. முதல் வருடமே 12.9 புள்ளிகள், 9.8 ரிபவுண்டுகள், அப்புறம் 2002 முதல் 2007 வரை தொடர்ந்து ஆறு முறை ஆல்-ஸ்டார். இண்டியானாவில் டேவிஸ் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் அவர் நேராக வந்து உட்கார்ந்தார் என்பதைக் கவனியுங்கள். யாரைக் கொடுத்தார்களோ அவருடைய நிமிடங்களே இவருக்குக் கிடைத்தன. நீங்கள் விங் வீரரைக் கொடுத்தால் அந்தக் கணக்கு இப்படி அமையாது, அங்கே ஒரு ஓட்டை விழும்.

டைசன் சாண்ட்லர் கதை இன்னும் பொருத்தம். 2001ல் இரண்டாவது தேர்வு, சிகாகோ புல்ஸில் ஐந்து சீசன், கடைசி சீசனில் 5.3 புள்ளிகள்தான். 2006ல் சிகாகோ பென் வாலஸை ஒப்பந்தம் செய்ததும் சாண்ட்லர் தேவையில்லாமல் போனார். நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் பி. ஜே. பிரவுனையும் ஜே. ஆர். ஸ்மித்தையும் கொடுத்து அவரை எடுத்தது. அங்கே பந்து வைத்திருந்தவர் கிறிஸ் பால். ஸ்க்ரீன் போட்டுவிட்டு கூடையின் ரிம்மை நோக்கி ஓடு, கையைத் தூக்கு, பந்து தானே வரும். இவ்வளவுதான் வேலை. அடுத்த சீசனில் 12.4 ரிபவுண்டு, அதற்கடுத்த சீசனில் 11.8 புள்ளிகள், அணிக்கு 56 வெற்றிகள். சிகாகோவில் இருந்தவரும் இவரும் ஒரே ஆள்தான், பந்து தருகிற கை மாறியது. பின்னாளில் 2011ல் டாலஸுடன் சாம்பியன், அடுத்த ஆண்டு நியூயார்க்கில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது.

ஆக, உங்கள் அணியில் ஒழுங்காக லாப் (ரிம்முக்கு அருகே தூக்கிப் போடும் பாஸ்) போடத் தெரிந்த, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு இருக்கிறாரா? அவர் இல்லாமல் ஓர் இளம் சென்டரை வாங்குவது மோட்டார் இல்லாத கிணறு வெட்டுகிற மாதிரி.

இப்போது அந்த வீரரையே பார்ப்போம். அவர் ஆடிய பழைய போட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், புள்ளி விவரத்தை மூடி வைத்துவிடுங்கள், பந்து எங்கே போகிறது என்றும் பார்க்காதீர்கள், அவர் காலை மட்டும் பாருங்கள். எதிரணி கார்டு ஸ்க்ரீனைச் சுற்றி வருகிறார். நம் ஆள் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி வீச்சு) கோட்டுக்கு ஓரடி பின்னால் நிற்கிறார். முன்னால் பந்தோடு ஒருவர், முதுகுப் பக்கம் லாப் வாங்க ஓடும் இன்னொருவர், இரண்டு பேரையும் ஒரே ஆள் சமாளிக்க வேண்டும். கற்ற சென்டர் இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையைப் பந்துக்கு நேராகவும் இன்னொரு கையைப் பாஸ் போகும் வழியிலும் வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருப்பார், அந்த கார்டு பந்தைத் தூக்கும் வரை முடிவே எடுக்க மாட்டார்.

திணறுகிறவர்கள் இரண்டு விதம். ஒருவர் பொய்யான முதல் அசைவுக்கே துள்ளிவிடுவார், ஃபவுல் விழும், பயிற்சியாளர் கையைத் தலையில் வைப்பார். இன்னொருவர் நிமிர்ந்து நின்றபடி உறைந்துபோவார், கால் நகராது, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிடுவார். முதல் ரகத்தை நான் வாங்குவேன். அவசரம் ஆட ஆடக் குறையும், ஆர்வம் இருப்பதால் வருகிற தப்பு அது. இரண்டாவது ரகம் மூன்றாவது சீசனிலும் அப்படியே இருந்தால் எனக்குப் பயம், ஆட்டம் அவருக்கு இன்னும் வேகமாகவே தெரிகிறது என்று அர்த்தம்.

அடுத்து கை. முட்டி உயரத்துக்குத் தாழ்வாக வரும் பாஸை ஓட்டத்தில் பிடிக்கிறாரா, பிடித்த பிறகு பந்தை இடுப்புக்குக் கீழே இறக்குகிறாரா என்று பாருங்கள். இறக்கினால் ஆறடி கார்டு வந்து தட்டிப் பறித்துவிட்டுப் போய்விடுவார், ஏழடி உயரம் அங்கே வீண். பந்தைத் தாடைக்கு மேலேயே வைத்திருப்பது சொல்லிக்கொடுக்கக்கூடிய பழக்கம். பந்து விரலில் ஒட்டாமல் நழுவுவது வேறு, அது திருந்தி நான் அதிகம் பார்த்ததில்லை. ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் ஒரு பார்வை பாருங்கள், ரிம்மிலிருந்து தள்ளி நின்று அவர் எதிர்காலத்தில் எதையாவது போடுவாரா என்பதற்கு அது ஓரளவு அடையாளம்.

விலைக்கு வருவோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். 2005ல் நியூயார்க் நிக்ஸ் எடி கரி என்ற இளம் சென்டரை சிகாகோவிடம் வாங்கியது. 2006-07ல் அவர் சராசரி 19.5 புள்ளிகள் எடுத்தார், அந்த வகையில் டிரேட் தோற்கவில்லை என்றுகூட ஒருவர் வாதாடலாம். ஆனால் கொடுத்த தேர்வுகளில் ஒன்று 2006ல் இரண்டாவது இடத்தில் விழுந்தது, இன்னொன்று இரு அணிகளின் தேர்வு இடங்களை மாற்றிக்கொள்ளும் உரிமையாகப் போய் 2007ல் ஒன்பதாவது இடத்தில் சிகாகோவுக்கு ஜோக்கிம் நோவா கிடைத்தார். அதே 2005ல் லேக்கர்ஸ், 2001ன் முதல் தேர்வான குவாமி பிரவுனுக்காக கேரன் பட்லரை வாஷிங்டனுக்குக் கொடுத்தது. பட்லர் அங்கே இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆனார். கொடுத்தவர் விங் வீரர், வாங்கியவர் திணறும் சென்டர்! இதனால்தான் உங்கள் விங் வீரரைத் தொடாதீர்கள் என்கிறேன். மறுபக்கம் பாருங்கள், 2019 பிப்ரவரியில் கிளிப்பர்ஸ் 21 வயது இவிட்சா ஜுபாட்ஸை லேக்கர்ஸிடமிருந்து மைக் மஸ்காலாவைக் கொடுத்து எடுத்தது, ஒரு முதல் சுற்றுத் தேர்வுகூடப் போகவில்லை. 2024-25ல் அதே ஜுபாட்ஸ் சராசரி 16.8 புள்ளிகள், 12.6 ரிபவுண்டுகள், சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களின் இரண்டாவது அணியிலும் இடம். விற்கிற அணிக்கு அவசரம் இருக்கும்போது, நம் அவசரத்தைக் காட்டாமல் வாங்குவதுதான் இந்தச் சந்தையில் லாபம்.

நேரக் கணக்கையும் மறக்காதீர்கள். முதல் சுற்று வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு சீசன் வரைதான். மூன்றாவது சீசன் நடுவில் வாங்கினால் உங்கள் கையில் ஒன்றரை சீசன் இருக்கிறது, அந்தக் கோடையிலேயே நீட்டிப்பு பற்றிய பேச்சும் வந்துவிடும். நான்காவது சீசன் சம்பளமும் சின்னது இல்லை. வைஸ்மேனுக்கு 2023-24ல் ஒரு கோடியே இருபது லட்சம் டாலருக்கு மேல். அதனால் வந்த முதல் வாரத்திலிருந்தே இரவுக்கு 24, 25 நிமிடமாவது ஆட விட அணி தயாரா என்று பாருங்கள். பிளேஆஃப் இடத்துக்கு முட்டி மோதுகிற அணியாக இருந்தால் அது முடியாது, இரண்டு தோல்வி வந்ததும் பயிற்சியாளர் பழைய ஆளைத்தான் கூப்பிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

உங்கள் நிர்வாகம் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தே தீருவேன் என்று நின்றால், குறைந்தபட்சம் அதற்குப் பாதுகாப்பு வாங்கட்டும். முதல் 14 இடத்துக்குள் விழுந்தால் நமக்கே என்று எழுதிவிட்டால் நியூயார்க்குக்கு வந்த கதி வராது. மருத்துவ அறிக்கையையும் வரி விடாமல் படிக்கட்டும். 2009ல் சாண்ட்லரை ஓக்லஹோமா சிட்டி வாங்கிவிட்டு, கால் பெருவிரலில் இருந்த பிரச்சினையைப் பரிசோதனையில் பார்த்து மறுநாளே டிரேடை ரத்து செய்தது. வைஸ்மேன் டிரேடிலும் வாரியர்ஸ் பக்கம் வந்த இளைய கேரி பேட்டன் பரிசோதனையில் தேறாமல், டிரேட் நிற்குமா என்று சில நாள் இழுபறியாக இருந்தது. உங்கள் ஏழடி வீரர் முழங்காலிலோ பாதத்திலோ ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்றால், நான் மேலே சொன்ன அந்த இரண்டாம் சுற்றுத் தேர்வுகளிலும் ஒன்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன்.